எதற்கு என்று சொன்ன பெட்டி

தருவைக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு நேர் எதிரே, புளியமரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த சுயம்புக்கனியின் ஜெராக்ஸ் கடையில், பணம் வந்தால் தொகையை உரக்கச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. ஆடி மாதக் காற்று தெருப் புழுதியை எல்லோர் கண்ணிலும் பாகுபாடில்லாமல் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்தப் பெட்டி தொகையைச் சொல்லி முடித்த பிறகு வழக்கம்போல ஓய்ந்துவிடாமல், ஒரு பெருமூச்சு விடும் நேரம் தயங்கிவிட்டு, அந்தப் பணம் எதற்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னது.

"ரூபாய் இரண்டாயிரம் பெறப்பட்டது," என்றது முதலில். பிறகு அதே இனிமையான பெண்குரலில், "செல்லத்தாயின் வாரிசுச் சான்றிதழுக்கு. தலைமை எழுத்தர் வைரவநாதனுக்கு," என்றது.

கடையில் நின்றவர்கள் யாரும் திடுக்கிடவில்லை. பக்கத்து டீக்கடை மாசானம் அண்ணாச்சி டீயை ஆற்றுவதை நிறுத்தாமலே, "அப்டேட் ஆயிருக்கும்," என்றார். மற்றவர்களும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள். கையில் இருக்கிற போனே கேட்காமல் கொள்ளாமல் மாதத்துக்கு ஒரு தடவை முகத்தை மாற்றிக்கொள்கிறது, பெட்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அவரவர் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போனார்கள். சுயம்புக்கனி மட்டும் எதிர் ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆபீசில் யாரும் கையில் லஞ்சம் வாங்குவதில்லை. முன்னொரு காலத்தில் சர்வேயர் ஒருவர் மருந்து தடவிய நோட்டை வாங்கி, கையைத் தண்ணீரில் முக்கியதும் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறி, அவர் அழுதுகொண்டே ஜீப்பில் ஏறிப்போனதைப் பார்த்ததிலிருந்து ஆபீஸ் முழுக்கக் கைச்சுத்தம் வந்துவிட்டது. மனுவோடு வருகிறவர்களிடம் தலைமை எழுத்தர் வைரவநாதன், "எதுக்க கனி கடையில போயி ரெண்டு காப்பி எடுத்துட்டு வாங்க," என்று மட்டும் சொல்வார். ரெண்டு காப்பி என்றால் இரண்டாயிரம், மூணு காப்பி என்றால் மூவாயிரம். விவரம் தெரியாத வெளியூர்க்காரர் நிஜமாகவே இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போனால், "தெளிவா இல்ல, திருப்பி எடுங்க," என்று முகம் கோணாமல் அனுப்பிவைப்பார். தெரிந்தவர்கள் சுயம்புக்கனியின் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தில் போனைக் காட்டிப் பணத்தைப் போடுவார்கள், பெட்டி தொகையை உரக்கச் சொல்லும், அது தெருவைத் தாண்டி வைரவநாதனின் ஜன்னலுக்குள் போகும், அவர் நாற்காலியை விட்டு எழாமலேயே முத்திரையைக் குத்துவார். சாயங்காலம் ஆபீஸ் உதவியாளர் டீ குடிக்க வருகிற சாக்கில் வந்து ரொக்கமாக வாங்கிப்போவார். ஆயிரத்துக்கு நூறு கனிக்கு.

அந்த நூறைவிடப் பெரிய கூலி ஒன்றும் அவளுக்கு உண்டு. கடை நின்ற இடம் புறம்போக்கு. அப்படி ஒரு கடை எதிரே இருப்பதே ஆபீஸ் கண்ணுக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். திருப்பூருக்குப் போன புருஷன் போனவன் போனவன்தான் என்றான பிறகு, மகளை நாகர்கோவிலில் நர்சிங் படிக்க வைத்ததும், இவள் மூன்று வேளை சாப்பிட்டதும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான். எதற்கு வருகிற பணம் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு வேலை என்று அவள் நினைத்திருந்தாள், அந்த வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

பணத்தைப் போட்ட செல்லத்தாய் மட்டும் நகராமல் நின்றாள். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறவள். பாத்தி வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த புருஷனுக்குத் தொழிலாளர் நல வாரியம் தரவேண்டிய பணத்தை வாங்க, அவளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியிருந்தது. வெடிப்பு விழுந்த விரலால் பெட்டியைத் தொட்டு, "இன்னொருக்கா சொல்லச் சொல்லு," என்றாள்.

"எதுக்குக்கா?"

"பங்குனியிலேர்ந்து நடக்கேன். எனக்கு நடக்கிற அநியாயம் எவன் வாயிலயாவது வந்துதா? இன்னைக்குத்தான் ஒருத்தி வாயில வந்திருக்கு. இன்னொருக்கா கேட்டுக்கிடுதேன்."

பெட்டி சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ளதாக இல்லை. செல்லத்தாய் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சுயம்புக்கனியை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாத்தையும் சொல்லிட்டு. ஒனக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லலியே. அதையும் மறைக்கச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கியோ?"

"பேப்பர் மாட்டிக்கிட்டு," என்று சொல்லிவிட்டு சுயம்புக்கனி மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிஷினில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.

மத்தியானம் வைரவநாதனே தெருவைக் கடந்து வந்தார். அத்தனை வருடங்களில் அவர் கால் அந்தப் பக்கம் பட்டதில்லை. வந்தவர் பெட்டியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"எம்மா கனி, யாரு இதப் பேச வைக்கிறது?"

"அதுவாப் பேசுது சார்."

"அதுவாப் பேசுமா? நாம சொன்னாலே நம்ம வீட்டுல பிள்ளைக பேச மாட்டுக்கு. மேலயிருந்து யாராவது வந்தாங்களா? ஒன்கிட்ட கையெழுத்து வாங்கினாங்களா?"

"சத்தியமா இல்ல சார்."

"சத்தியம் எல்லாம் எனக்கு வேண்டாம். பெட்டி வாய மூடணும். இல்லாட்டா இங்கன ஒரு கடை இருக்கிறது எங்களுக்குத் தெரிஞ்சிரும்." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, விசாரிக்கிற மாதிரிதான் சொன்னார்.

சுயம்புக்கனி பெட்டியை அணைத்தாள், அது பேசியது. உள்ளே இருந்த பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தாள், அப்போதும் பேசியது. அரிசி டிரம்முக்குள் புதைத்தாள், அரிசிக்குள்ளிருந்து வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவர் குரலில் பேசியது. பழைய கிணற்றில் கொண்டுபோய்ப் போட்டாள், அன்றைக்கு ஒருவர் சாதிச் சான்றிதழுக்குப் போட்ட பணம் கிணற்றுச் சுவரில் மோதி எதிரொலித்துப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது, ஆகவே ஆள் விட்டு அதை மறுபடி மேலே எடுக்க வேண்டியதாயிற்று. பெட்டி கொடுத்த கம்பெனி ஆள் வந்து திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தார். "எங்க பெட்டிக்குத் தொகைதான் தெரியும்க்கா. எதுக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று அவளையே சந்தேகமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

பெட்டி பெரிய பணத்துக்கு மட்டும் பேசியிருந்தால் ஊர் அதை மன்னித்திருக்கும். "ரூபாய் நான்கு பெறப்பட்டது. மச்சினனுக்குத் தெரியாமல் அவன் ஆதார் அட்டையை நகல் எடுத்ததற்கு," என்றது. "ரூபாய் பத்து பெறப்பட்டது. மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டில் ஒரு சைபர் கூட்டியதற்கு," என்றது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், இதுவோ ஊர்வாய்க்கே எடுத்துக்கொடுக்கிற வாயாக இருந்தது. ஆகவே ஜனங்கள் போனை மடியில் கட்டிக்கொண்டு பழையபடி சில்லறைக்குத் திரும்பினார்கள். சாமி உண்டியலைத் தவிர வேறெங்கும் கிடைக்காமல் இருந்த ஐந்து ரூபாய் நாணயங்கள் எங்கிருந்தோ கிளம்பி வந்தன, மீதிச் சில்லறைக்கு மாசானம் அண்ணாச்சி கடலைமிட்டாய் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் சில்லறை கொடுக்கிறவன் மேல் சந்தேகம் வந்தது. மடியில் கனமில்லாவிட்டால் இவன் எதற்குச் சில்லறை கொடுக்கிறான் என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து, தாங்கள் யோக்கியர் என்று ஊருக்குக் காட்ட நினைத்தவர்கள் வெள்ளை வேட்டியோடு வந்து ஒரு ரூபாய் போட்டார்கள். பெட்டி மூச்சு விடும் நேரம் தயங்கி, "யோக்கியன் என்று காட்டிக்கொள்வதற்கு," என்றது. பேரூராட்சித் தலைவர் போட்டோக்காரரோடு வந்து அம்மன் கோவில் கொடைக்கு என்று மனதுக்குள் மூன்று தரம் சொல்லிக்கொண்டு ஆயிரம் ரூபாய் போட்டார். "ஐயாயிரம் என்று நாளைக்குப் பேப்பரில் போடுவதற்கு," என்றது. அவர் கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே காருக்குப் போனார்.

பிறகு ஊர் யோசிக்கத் தொடங்கியது. பெட்டிக்கு எதற்கு என்று தெரிகிறதென்றால் நம் மனதில் இருப்பதை யாரோ அதற்குச் சொல்லியிருக்க வேண்டும், சொன்னது போனாகத்தான் இருக்க வேண்டும், போனுக்குக் காது வைத்தது அரசாங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியே கண்டுபிடித்தது. போன்களைத் தவலைக்குள் போட்டு மூடி மேலே அம்மிக்குழவியை வைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சீட்டுப் பணம் பற்றிப் பேசப் பனங்காட்டுக்குப் போனார்கள், அங்கே ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்கள். சிலர் அரசாங்கமும் இல்லை ஒன்றும் இல்லை, கனிதான் கடைக்குள் உட்கார்ந்து குரலை மாற்றிப் பேசுகிறாள் என்றார்கள். ஆபீஸ்காரர்கள் அவளை ஊர்க்காரர்களின் ஆள் என்றார்கள், ஊர்க்காரர்கள் ஆபீசின் ஆள் என்றார்கள். அவளும் கடைக்கு வருகிற ஒவ்வொரு முகத்தையும், இது எந்தத் துறையிலிருந்து வந்த முகம் என்று பார்க்கப் பழகினாள்.

அவளுடைய பெரிய சந்தேகம் பெட்டியின் மேல்தான். ஊரார் குட்டை எல்லாம் உடைத்த அது, அவளுடைய நூறைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு முறை பணம் வரும்போதும், இதோ இப்போது சொல்லப்போகிறது என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது சொல்லாமல் விட்டது. தன்மேல் இரக்கமா, இல்லை கடைசிக்கு என்று வைத்திருக்கிறதா என்று அவளுக்குப் புரியவில்லை. சொல்லித் தொலைத்துவிட்டாலும் தேவலை என்றுகூட ஒருநாள் நினைத்தாள், நினைத்ததைப் பெட்டி கேட்டிருக்குமோ என்று உடனே பயந்தாள்.

இதற்கிடையில் தாலுகா ஆபீஸ் நின்றுபோனது. பூட்டவில்லை, மின்விசிறி சுற்றியது, வருகைப் பதிவில் கையெழுத்து விழுந்தது, ஆனால் ஒரு காகிதமும் நகரவில்லை. காசு வாங்காமல் வேலை பார்த்து அவர்களுக்குப் பழக்கமில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. வைரவநாதன் முத்திரையைக் கையில் எடுப்பார், ஜன்னல் பக்கம் காதைக் கொடுப்பார், ஒன்றும் கேட்காது, கீழே வைத்துவிடுவார். செல்லத்தாயின் மனு எங்கே என்றே தெரியவில்லை என்றார்கள். பேர் தெருவில் கேட்ட மனுவை யார் கையால் தொடுவது என்று ஆளாளுக்குத் தள்ளிவிட்டார்கள். போட்ட பணத்தை அவள் திருப்பிக் கேட்டதற்கு, "எந்தப் பணம்?" என்றார்கள்.

பட்டாவும் சான்றிதழும் கிடைக்காமல் கல்யாணமும் கடனும் காலேஜும் தடைப்பட்டபோது, ஊரின் கோபம் ஆபீஸ் மேல் வரவில்லை, பெட்டி மேல்தான் வந்தது. "வாங்குறவன் வாங்கிட்டு வேலைய முடிச்சுக் குடுத்தாம்லா. இது வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டு," என்றார்கள். இந்தப் பெட்டியிடமிருந்து எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர்கூடி அரசாங்கத்துக்கே மனு எழுதினார்கள். அந்த மனுவைச் சுயம்புக்கனியின் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள், சில்லறை கொடுத்து.

மனு போன வேகத்திலேயே சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். துறையின் பேரை அவர் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. ஒரு வெள்ளைத் தாளை நகல் எடுக்கச் சொல்லி, இரண்டு ரூபாய் போட்டார். "சோதித்துப் பார்ப்பதற்கு," என்றது பெட்டி. அவர் முகம் விளக்கு ஏற்றிய மாதிரி ஆனது.

"அம்மா, பயப்படாதீங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. புதுசா டிஜிட்டல் ரூபாய் கொண்டு வரப் போறோம். அதுல ஒவ்வொரு ரூபாயும் யார்கிட்டேருந்து யார்கிட்ட போகுதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும். எதுக்குப் போகுதுங்கறதுதான் தெரியாம இருந்தது. அது உங்க கடையில இருக்கு."

"அப்ப லஞ்சம் வாங்கினதுக்கு விசாரணை வருமா சார்?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"அதுக்கு வேற துறை இருக்கும்மா," என்றார் அவர். எதிர் ஜன்னலில் வைரவநாதன் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

பெட்டியை அவள் மனமுவந்து கொடுத்தால், கடை நின்ற இடம் அவள் பேருக்கே பட்டாவாகும். அதுதான் பேச்சு. சுயம்புக்கனி ஒத்துக்கொண்டாள். யார்தான் மாட்டேன் என்பார்கள்? புறம்போக்கில் நிற்கிற ஒருத்திக்குப் பட்டா என்பது மழையில் நிற்கிறவளுக்குக் குடை. தெருவில் ஷாமியானா போட்டார்கள், தலைவர் பேசினார், வைரவநாதன் தன் கையாலேயே பட்டாவை நீட்டினார். அன்பளிப்பாக ஒரு தொகையை அதிகாரி மேடையிலிருந்தபடியே அந்தப் பெட்டிக்கு அனுப்பினார்.

"ரூபாய் ஐம்பதாயிரம் பெறப்பட்டது," என்றது பெட்டி. ஊர் மூச்சைப் பிடித்தது. "இனிமேல் இந்தப் பெட்டி ஊருக்குச் சொல்லாமல் அரசாங்கத்துக்கு மட்டும் சொல்வதற்கு."

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அதிகாரி மட்டும் சந்தோஷமாகத் தட்டினார். "பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்," என்றார். பிறகு பெட்டியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் வெள்ளை வெளேரென்று புதுப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அதை அணைக்கிற பொத்தான் எதுவும் இல்லை.

மறுநாள் ஆபீஸ் உயிர்பெற்றது. மாதக்கணக்கில் தேங்கிய மனுக்களோடு தெரு முழுக்க வரிசை நின்றது, எல்லோர் முகத்திலும் காய்ச்சல் விட்ட தெளிவு. வைரவநாதனின் ஜன்னல் அகலத் திறந்திருந்தது, விட்ட நஷ்டத்தைப் பிடிக்க வேண்டுமே என்று ரெண்டு காப்பி மூணு காப்பியாகியிருந்தது. சுயம்புக்கனி பட்டாவைத் தன் கடையிலேயே லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தாள்.

செல்லத்தாய் வந்தாள். தாலிக் கயிற்றிலிருந்து கழற்றி வைத்திருந்த குண்டுமணித் தங்கத்தை விற்றுவிட்டு வந்திருந்தாள். மனு கிடைத்துவிட்டதாம், மூணு காப்பி எடுத்துவரச் சொன்னாராம். போனைக் கட்டத்தில் காட்டினாள்.

"ரூபாய் மூவாயிரம் பெறப்பட்டது," என்றது புதுப் பெட்டி.

தெரு பழக்கதோஷத்தில் அந்த ஒரு பெருமூச்சு நேரம் காத்திருந்தது. மாசானம் அண்ணாச்சி தூக்கிய டம்ளரைத் தூக்கியபடியே நின்றார். ஒன்றும் வரவில்லை. பச்சை விளக்கு மட்டும் ஒரு தரம் சிமிட்டியது.

"அவ்வளவுதானா?" என்றாள் செல்லத்தாய்.

"அவ்வளவுதான்க்கா. இனிமே சொல்லாது."

"சொல்லவே சொல்லாதா, இல்ல நம்மகிட்ட மட்டும் சொல்லாதா?"

சுயம்புக்கனி அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள். பேசிய பெட்டிக்குப் பயந்ததைவிட இந்தப் பேசாத பெட்டிக்குத்தான் தனக்கு அதிகம் பயமாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது எதற்கு என்று எங்கேயோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது, அந்த யாரோவுக்குச் செல்லத்தாயின் மூவாயிரம் ஒரு தகவல், அவ்வளவுதான்.

"அப்ப நீ சொல்லு," என்றாள் செல்லத்தாய்.

"அக்கா, சான்றிதழ் வேணும்லா ஒங்களுக்கு. இன்னைக்குக் குடுத்துருவாரு."

"குடுத்தாக் குடுக்கட்டும், குடுக்காட்டாப் போட்டும். அந்த மனுசன் உப்புலயே வெந்து செத்தாரு. அவரு பேரச் சொல்லி எங்கிட்ட எதுக்கு வாங்குதாவன்னு ஒரு வாயாவது தெருவுல சொல்லணும். நீ சொல்லு."

சுயம்புக்கனி சுவரில் மாட்டிய பட்டாவைப் பார்த்தாள். எதிர் ஜன்னலைப் பார்த்தாள், அங்கே முத்திரை மேலே தூக்கியபடி நின்றது. மகளுக்குக் கட்ட வேண்டிய கடைசி வருட பீஸ் ஞாபகம் வந்தது, பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடேதான் வாயைத் திறந்தாள்.

"ரூபாய் மூவாயிரம் வந்திருக்கு. செல்லத்தாயோட வாரிசுச் சான்றிதழுக்கு. தலைமை எழுத்தர் வைரவநாதனுக்கு."

சொல்லிவிட்டு, பழைய பெட்டியைப்போலவே ஒரு பெருமூச்சு நேரம் நின்றாள்.

"அதுல முந்நூறு எனக்கு."

குரல் தெருவைக் கடந்து ஜன்னலுக்குள் போனது. ஜன்னல் சாத்திக்கொண்டது. இனி அந்தப் பட்டாவில் ஏதாவது ஒரு எழுத்து தப்பென்று அவர்களுக்குத் தெரியவரும், இடிக்கிற வண்டிக்கும் வழி தெரியவரும் என்று அவளுக்குத் தெரிந்தது. செல்லத்தாய் இந்த முறை இன்னொருக்கா சொல்லச் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

வரிசையில் யாரும் திடுக்கிடவில்லை. மாசானம் அண்ணாச்சி டீயை மறுபடி ஆற்றத் தொடங்கினார்.

"அப்டேட் ஆயிருக்கும்," என்றார்.